ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர்

புனேயில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன மாதம் பள்ளிக்கூடத்தில் 'ப்ரீஃபிக்ஸ்' பாடம் நடந்தது. ஹாப்பிக்கு முன்னால் 'அன்' போட்டால் அன்ஹாப்பி, டூவுக்கு முன்னால் 'ரீ' போட்டால் ரீடூ. இரண்டு நாள் கழித்து, "அப்பா, இந்த லேஸை அன்கட்டுங்க" என்று காலை நீட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். தங்கமணி சிரிக்கவில்லை. "ஊர்ல ஆச்சிகிட்ட இப்படிப் பேசினா அவங்களுக்கு என்ன புரியும்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டேன்", "நல்லாருக்கேன்" என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு, போனை என்னிடம் தள்ளிவிடுகிற பிள்ளை அவள். பேச ஆசை இருக்கிறது, கையில் சொல் இல்லை.

அந்தக் காலத்தில் நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொற்களை எப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்? அன்றிரவு புத்தக அலமாரியைக் கிளறினேன்.

அப்போது இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். சென்னை மாகாணத்தில் எத்தனை இருந்தன என்று கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 மாணவர்கள் என்று இருக்கிறது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து பழகினார்கள். ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வாத்தியார் இல்லாதபோது சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான்.

1787ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் காப்பகத்திலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். அவன் சொல்லிக் கொடுத்துவிட்டான்! பெல் 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

சரி, சொற்களுக்கு வருவோம். எழுத்தும் எண்ணும் பழகியபின், மேலே படிக்கிறவர்கள் நிகண்டு மனப்பாடம் செய்தார்கள். மண்டலபுருடர் என்ற சமண அறிஞர் இயற்றிய சூடாமணி நிகண்டு அதில் பேர்போனது. மொத்தம் 12 தொகுதி. மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இனவாரியாகச் சொற்கள் செய்யுளில் கோத்திருக்கும். அகராதியைப் புரட்டித் தேடுகிற வேலை இல்லை, எல்லாம் நாக்கில்.

எனக்கு இதைவிடப் பிடித்தது உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் சொல்லும் ஒரு வழக்கம். அவர் 1855ல் பிறந்தவர். அவர் படித்த திண்ணைப் பள்ளியில், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் மறக்காமல் வந்து சொல்லவேண்டும். நோட்டு கிடையாது, டெஸ்ட் கிடையாது.

பழைய பெருமை பேச நான் இதை எழுதவில்லை. அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பொருள் தெரியாத மனப்பாடமும் உண்டு, பிரம்படியும் உண்டு. என் மகள் அன்று பிறந்திருந்தால் திண்ணையில் ஏறியிருப்பாளா என்பதே சந்தேகம். ஆனால் அந்தப் பூவையும் பறவையையும் ஊரையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதென்னடே பெரிய விஷயம்" என்று ஒப்புக்கொண்டாள்.

தினமும் ராத்திரி எட்டரைக்கு போன். முதல் நாள் பிச்சிப்பூ, தவிட்டுக்குருவி, ஆழ்வார்குறிச்சி. மறுநாள் 'தவிட்டுக்குருவி' வாயில் வராமல் "தவுக்கு தவுக்கு" என்று இவள் திணற, அந்தப் பக்கம் ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, மெள்ளச் சொல்லு!"

போன வியாழக்கிழமை ஆச்சி தந்தது: செம்பருத்தி, செம்போத்து, செங்கோட்டை. இவள் மூன்றையும் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். "அப்பா, எல்லாத்துலயும் முன்னாடி ஒரே ப்ரீஃபிக்ஸ்!" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது. செம்மை என்றால் சிவப்பு. அது சொல்லுக்கு முன்னால் 'செம்' ஆகும், ககரத்துக்கு முன் 'செங்' ஆகும். அப்புறம் இருவரும் அடுக்களைக்குள் போய்த் தேடினோம். வெண்மையும் நெய்யும் சேர்ந்து வெண்ணெய்.  பெருங்காயம், சிறுகீரை. அவன் இவன் எவன், அங்கே இங்கே எங்கே என்பவற்றில் முன்னால் நிற்கும் அ, இ, எ கூட அப்படித்தான். 'அன்' போல எதிர்ப்பொருள் தருவதற்கு மட்டும் தமிழ் பெரும்பாலும் சொல்லின் வாலைத்தான் பிடிக்கும். தெரியும், தெரியாது. முடியும், முடியாது. நீதி அநீதி, சுத்தம் அசுத்தம் என்பவை வடமொழி வழியாக வந்தவை.

"அப்போ அன்கட்டுக்குத் தமிழ்ல என்னப்பா?"

"அவிழ்."

"இந்த ழ ரொம்பக் கஷ்டம்" என்றாள். நேற்று போனை வைக்கும்முன், "ஆச்சி, நாளைக்கு நான் ஊர் சொல்றேன், நீங்க மறக்காம வச்சிருக்கணும்" என்று சட்டாம்பிள்ளை கணக்காக மிரட்டினாள். பிம்ப்ரி சிஞ்ச்வடு. ஆச்சி காலையிலிருந்து அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாளாம்.