துறைமுகக் கூண்டும் நம் பேஸ்மென்ட்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் போட்டுவிடுவார்: "7ஆம் எண் கூண்டு ஏற்றியாச்சாம்!" உடனே மெழுகுவத்தி, பால் பாக்கெட், ரொட்டி வாங்க ஓடுவோம். உண்மையில் அந்தக் கூண்டு நமக்காக ஏற்றப்படுவதில்லை.

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று சூறையாடியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மறு ஆண்டே, 1865இல், அந்தத் துறைமுகத்துக்கென்று புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலைத் துறை பிறந்ததே அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1875இல்தான். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவில் விளக்கு எரியும். கப்பல்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. 1 முதல் 11 வரையுள்ள எண்கள் இன்றும் துறைமுகத்துக்கான செய்திதான். உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமா, லிஃப்ட் ஓடுமா என்பதை எந்தக் கூண்டும் சொல்லாது.

சொல்லாததால், கடைசியாக எது வந்ததோ அதற்கே நாம் தயாராகிறோம். சென்னையின் சமீபத்திய பத்தாண்டுகளைப் பாருங்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி வந்தது புயலே இல்லை, மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததும் அடையாறு கரை தாண்டியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் எல்லாம் மூழ்கின. அந்த வருடம் நாம் கற்ற பாடம்: தண்ணீர் வரும், எதையும் கீழே வைக்காதே.

அடுத்த வருடம், 2016 டிசம்பர் 12, வர்தா. இதில் பயம் தண்ணீர் அல்ல, காற்று. பெரிய புயல் ஒன்றின் கண் நகரத்தின் மேலேயே கடந்து போவதைப் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். காலையிலிருந்து வடக்கிலிருந்து அடித்த காற்று பிற்பகலில் சட்டென்று நின்றது. "முடிஞ்சது" என்று சொல்லி வண்டியை எடுக்கவும் படம் பிடிக்கவும் இறங்கியவர்கள் ஏராளம். நானும் மாடிப்படி வரை வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே வேகம் எதிர்த்திசையிலிருந்து திரும்பியது. காலையில் ஒரு பக்கம் ஆடித் தளர்ந்திருந்த மரங்கள் மறுபக்க அடியில் சாய்ந்தன. அடியைச் சுற்றி சிமென்ட் பூசி வேர் பரவவிடாமல் வைத்திருந்த குல்மோஹர்களும் தூங்குமூஞ்சி மரங்களும் எவ்வளவு நேரம் தாங்கும்? வெள்ளத்துக்குப் பயந்து காரை மேடான இடத்தில், மரத்தடியில் நிறுத்தியவர்களுக்குத்தான் அன்று நஷ்டம். போதாததற்குப் பணமதிப்பிழப்பு நடந்து ஒரு மாதம்கூட முழுதாக ஓடியிருந்த நேரம். கரண்ட் இல்லை, அதனால் கார்டு இயந்திரம் இல்லை. கையில் சில்லறை நோட்டும் இல்லை. பால்காரரிடம் கடன் சொன்னவர்கள் நம்மில் உண்டு.

அதன்பின் எல்லோரும் மரக்கிளை வெட்டுவதில் இறங்கினோம். வந்ததோ 2023 டிசம்பரில் மிக்ஜாம். அது சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை; டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் அதற்கு முன் நம் கடலோரத்தில் மெல்ல ஊர்ந்து, இரண்டு நாளில் நகரின் பல இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. "இங்கே கரை கடக்கவில்லையாமே" என்று நிம்மதியாகத் தூங்கிய பகுதிகளில்தான் பேஸ்மென்ட் நிறைந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் இன்னொரு விதம்: புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று பொழிந்தது.

ஆகவே செய்தியில் "எங்கே கரை கடக்கும்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேளுங்கள். மெதுவாக நகர்ந்தால் மழைக்குத் தயாராகுங்கள். நேராக நம் மேல் வந்தால் காற்றுக்கு: பால்கனித் தொட்டிகளை உள்ளே எடுங்கள், மாடியில் இருக்கும் தளர்ந்த தகரம், சோலார் பேனல், டிஷ் ஆன்டெனா ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள், காற்று நின்றால் ஒரு மணி நேரமாவது வெளியே வராதீர்கள். எதுவானாலும் கொஞ்சம் ரொக்கம், ஒரு வாரத்து மாத்திரை. சி பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்கள் மூவரின் மருந்துப் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. உங்கள் தளத்தில் யாராவது இருந்தால் அந்தப் பெயரையும் சேருங்கள்.

ஒன்று பாக்கி. மிக்ஜாமில் நமக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் போனது மழையால் அல்ல. சம்ப் நிறைய தண்ணீர் இருந்தது. மோட்டார் பேனலும் ஜெனரேட்டர் சுவிட்சும் பேஸ்மென்ட்டில் மூழ்கியிருந்தன. ஏழாவது மாடி வரை பெரியவர்கள் பக்கெட் தூக்கினார்கள். பேனலைத் தரைத்தளத்துக்கு மாற்றும் தீர்மானம் இரண்டு பொதுக்குழுக்களில் செலவைக் காரணம் காட்டித் தள்ளிப் போடப்பட்டது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். வேலையை முடிக்க எலக்ட்ரீஷியன் கேட்பது ஐந்து நாள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். இடம் அதே பேஸ்மென்ட், பேனலுக்கு எதிரே.