எதிர்க்கருத்துக்கு ஓர் இருக்கை



ஆங்கிலத்தில் சில சொற்கள் ஜோடியாகத்தான் வரும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். கருத்து மோதலைச் சொல்லும் ஜோடிகளில் பெரும்பாலும் அனலும் கசப்பும்தான்: 'ஹீட்டட் ஆர்க்யுமென்ட்', 'பிட்டர் டிஸ்ப்யூட்'. நாமும் சளைத்தவர்கள் இல்லை. விவாதம் என்றாலே 'காரசாரமான' என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் மாறுபட்டு நிற்பவருக்கும் ஓர் இடம் தரும் தொடர்கள் ஆங்கிலத்தில் உண்டு. அவற்றில் மூன்றின் வரலாற்றை இன்று சொல்கிறேன்.

முதலாவது, 'அக்ரீ டு டிஸ்அக்ரீ'. ஒத்துப்போக முடியாது என்பதில் ஒத்துப்போவது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி, ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்று இரண்டு புகழ்பெற்ற போதகர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய நட்பு. வெஸ்லி பதினோரு வயது மூத்தவர். 1739இல் பிரிஸ்டல் பக்கம் திறந்தவெளியில் மக்களைக் கூட்டிப் பேசிக்கொண்டிருந்த விட்ஃபீல்ட், அந்தப் பணியைத் தொடர வெஸ்லியை அழைத்தார்.

அதே ஆண்டில்தான் பிளவும் வந்தது. யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பினார் விட்ஃபீல்ட். கடவுளின் அருள் எல்லோருக்கும் பொது என்றார் வெஸ்லி; அதை ஒரு பிரசங்கமாக அச்சிட்டும் விட்டார். விட்ஃபீல்ட் 1740 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். அதுவும் அச்சாகி ஊரறிந்த சண்டையானது. தொண்டர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்.

கொள்கையில் இருவரும் கடைசிவரை இறங்கி வரவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் மறுபடி பேசிக்கொண்டார்கள். 1750இல் விட்ஃபீல்ட் எழுதிய கடிதம் ஒன்றில் இந்தத் தொடர் இருக்கிறது. 1770 செப்டம்பரில் அவர் அமெரிக்காவில் இறந்தார். தன் நினைவுப் பிரசங்கத்தை வெஸ்லிதான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த நவம்பரில் லண்டனில் பேசிய வெஸ்லி, அடிப்படை அல்லாத விஷயங்களில் மாறுபடலாம் என்று சொல்ல இதே தொடரைப் பயன்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 67. முப்பது ஆண்டு வழக்கு தீரவே இல்லை. நட்பு மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது தொடர் பிறந்தது வேடிக்கையாக. அரசரின் அமைச்சர்களை எதிர்ப்பவர்களை அரசருக்கே விரோதிகளாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1826 ஏப்ரலில் ஜான் கேம் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசும்போது, 'ஹிஸ் மெஜஸ்டிஸ் ஆப்பொசிஷன்', அதாவது 'மேன்மைதங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்றார். சபை சிரித்தது. ஆனால் அந்தக் கேலிச் சொல் நிலைத்துவிட்டது. 1937இல் அங்கே எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி சம்பளமே வந்தது. இந்திய நாடாளுமன்றத்திலும் 1977இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். அரசை எதிர்த்துப் பேசுவதற்கு அரசே சம்பளம் கொடுக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

மூன்றாவது, 'டிஸ்ஸென்டிங் ஜட்ஜ்மென்ட்'. மாறுபட்ட தீர்ப்பு. நெருக்கடி நிலைக் காலத்தில், சிறையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கு. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

தோற்ற கருத்தானாலும் தீர்ப்போடு சேர்த்துப் பதிவாகியிருந்தது. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இன் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கியது. அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். ஒதுக்கப்பட்ட தீர்ப்பைத் தந்த நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி. சந்திரசூட்!

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம்மிடமும் 'கருத்து வேறுபாடு' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் அதை எங்கே பயன்படுத்துகிறோம்? 'அவங்களுக்குள்ள கருத்து வேறுபாடு' என்றால் பேச்சுவார்த்தை அற்றுப்போய்விட்டது என்று பொருள். போன தேர்தல் சமயத்தில் நம் குடும்பக் குழுவில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு பேர் விலகிப் போனார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், இப்போது கல்யாண வீட்டில் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். குழுவுக்குத் திரும்பி வந்தால் போதும்.

நான் எழுதியதில் உங்களுக்கு மாறுபாடு இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். அந்தப் பதில்களைத்தான் முதலில் படிப்பேன்.