சிறு தீவின் அரண்

கடல் சூழ வாழும் நாம், தீவின் தனிமையை நன்கறிவோம். 1988 நவம்பர் 3 வைகறையில் மாலைத்தீவின் தலைநகராம் மாலேயில், உள்நாட்டுச் சதிகாரர் கூலிக்கு அமர்த்திய ஏறத்தாழ 80 பேர் ஆயுதங்களுடன் வந்திறங்கினர். அவர்களுள் மிகுதியானோர் இலங்கைத் தமிழர் என்பது நமக்கு நாணமே.

அதிபர் கயூம் மறைந்திருந்தவாறே அயல்நாடுகளின் துணையை வேண்டினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்து வந்த நம் பாராசூட் வீரர் அவரைக் காத்தனர். பிணையாளருடன் கப்பலேறித் தப்பியோரை நம் கடற்படை மடக்கிற்று.

வென்றபின் அந்நாடு, பிடிபட்டோர்க்கு விதித்த மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சிறு நாடுகளின் பாதுகாப்பு குறித்து ஐ.நா. பொதுச்சபை 1989இல் தீர்மானம் நிறைவேற்றவும் முயன்றது.

தக்க வேளையில் துணை நாடுவதும், வென்றபின் சினம் அடக்குவதுமே சிறியோர்க்கு அரண். நம் பிள்ளைகள் ஒருநாளும் கூலிப்படைக்கு விலைபோகாதிருக்கக் காப்போமாக!