இரக்கமின்மையைப் பிறப்பில் தேடிய காலம்: சித்தூர் மாவட்டமும் குற்றப் பரம்பரைச் சட்டமும்

1949ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஏட்டில் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்றும், மக்கள் வாயில் குற்றப் பரம்பரைச் சட்டம், ரேகைச் சட்டம் என்றும் வழங்கிய சட்டத்தை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று ஆராய்வது அக்குழுவின் பணி. அதன் தலைவர், திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார். குழுவின் அறிக்கை 1950இல் வந்தது. சட்டத்தை நீக்க வேண்டும் என்றது அது.

அந்தச் சட்டத்துக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது: பிறருக்குத் தீங்கு செய்து, அதற்காகச் சிறிதும் வருந்தாத மனிதர்களை எங்கே தேடிக் கண்டுபிடிப்பது? இதே கேள்வி இன்று உளவியலின் மொழியில் உலவுகிறது. மேலாளர், அண்டை வீட்டார், உறவினர், அரசியல்வாதி என யாரையும் 'சைக்கோபாத்' என்று அழைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. பத்து அறிகுறிகளைப் பட்டியலிட்டு, 'உங்களருகில் இருப்பவரைக் கண்டுகொள்ளுங்கள்' என்று சொல்லும் குறிப்புகள் நாள்தோறும் வருகின்றன. அக்கேள்விக்கு ஓர் அரசு சட்டத்தின் வழியே விடை சொன்ன வரலாறு சித்தூர் மாவட்டத்துக்கு உண்டு. இன்றைய பட்டியல்களை வாசிப்பதற்கு முன் அந்த வரலாற்றை வாசிப்பது பயன்தரும்.

*

முதலில் சொல்லின் வரலாறு. அறிவு தெளிவாக இருந்தும் நடத்தை மட்டும் பிறழ்ந்து நிற்கும் மனிதர்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினேல் விவரித்தார். 1835இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பிரிச்சார்ட் அதற்கு 'ஒழுக்கப் பித்து' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1891இல் ஜெர்மானியரான யூலியுஸ் கோஹ் 'சைக்கோபதி' என்ற வேர்ச்சொல்லை மருத்துவ வழக்குக்குக் கொண்டுவந்தார். 1923இல் குர்ட் ஷ்னைடர் அதனை ஆளுமை வகைகளின் பெயராக்கினார். இன்று நாம் அறிந்த சித்திரத்தைத் தீட்டியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி. 1941இல் வெளிவந்த அவருடைய நூல், மேலோட்டமான கவர்ச்சி, கூசாமல் பொய்யுரைத்தல், குற்றவுணர்வு இன்மை, ஆழமற்ற உணர்ச்சி, எவரிடமும் உண்மையான பற்று இன்மை முதலிய கூறுகளைத் தொகுத்தது.

இங்கு ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். தமிழ்த் திரைப்படங்களிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் வரும் 'சைக்கோ' என்ற சொல், மாயக் குரல்களைக் கேட்கும் மனச்சிதைவு நோயாளியையும் சைக்கோபதி ஆளுமை கொண்டவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. முன்னவர் நனவுலகோடு தொடர்பு இழந்து துன்புறுபவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பின்னவருக்கு நனவுலகம் தெளிவாகவே தெரியும். அடுத்தவரின் துன்பம் மட்டும் அவரைத் தொடுவதில்லை.

கிளெக்லியின் நூலில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. முழுமையாக வெளிப்படாத நிலையில் இக்கூறுகளோடு வாழ்பவர்களைப் பற்றி எழுதும்போது அவர் எடுத்துக்காட்டிய மனிதர்கள் வணிகர், கனவான், அறிவியலாளர், மருத்துவர் ஆகியோர். மனநல மருத்துவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதாவது, இக்கூறுகளின் அன்றாட இருப்பிடமாக அவர் கண்டது மதிப்புக்குரிய தொழில்களையும் நல்ல குடும்பங்களையும்.

*

கிளெக்லிக்கு 70 ஆண்டுகளுக்கு முன், 1871இல், இந்தியாவின் பிரிட்டிஷ் ஆட்சி நேர்மாறான திசையில் தேடத் தொடங்கியிருந்தது. சாதிதோறும் ஒரு தொழில் பரம்பரையாக வருவதுபோல், குற்றத்தைத் தொழிலாகக் கொண்ட சாதிகளும் உண்டு என்பது அவ்வாண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்கு அடிப்படையான வாதம். தச்சர் மகன் தச்சன் ஆவதுபோல் திருடர் மகன் திருடன் ஆவான் என்ற எளிய ஒப்புமையே அதன் தர்க்கம். 1876இல் இத்தாலியில் சீசரே லொம்ப்ரோசோ பிறவிக் குற்றவாளிக் கோட்பாட்டை வெளியிட்டபோது, ஐரோப்பிய அறிவியலின் ஆதரவும் அந்த எண்ணத்துக்குச் சேர்ந்துகொண்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தியதும், காவல் அதிகாரி முல்லாலி 1892இல் சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றிக் கையேடு எழுதியதும் இந்தச் சூழலில்தான்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு அதனை விரிவாக்க வழிசெய்தது 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம். அதே 1911இல், ஏப்ரல் 1 அன்று, வட ஆர்க்காட்டின் சித்தூர், சந்திரகிரி முதலிய பகுதிகளையும் கடப்பையின் மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல். ஆயினும் கடற்கரைக்கும் மேட்டுநிலத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பரப்பில் நெடுங்காலமாக நடமாடிவந்த ஒரு மக்கள், அச்சட்டம் தெற்கே குறிவைத்தவர்களுள் முதன்மையானவர்கள். தெலுங்கில் எருகுலர் என்றும், தமிழில் குறவர் என்றும் அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

எருகுலரின் வீட்டு மொழி தமிழுக்கு மிக நெருக்கமானது. குறி சொல்வதைக் குறிக்கும் 'எருக' என்ற தெலுங்குச் சொல்லோடு அவர்களது பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. பெண்கள் குறி சொன்னார்கள், கூடை முடைந்தார்கள். ஆண்கள் கழுதைகளிலும் பொதிமாடுகளிலும் கடற்கரை உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, திரும்புகையில் தானியம் ஏற்றிவந்தார்கள். உப்பு எருகுலர், கருவேப்பிலை எருகுலர் என்ற உட்பிரிவுப் பெயர்களே அவர்கள் என்ன விற்றார்கள் என்பதைச் சொல்லும்.

இந்த வணிகம் எப்படி அழிந்தது என்பதை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது. அரசின் உப்புக் கொள்கை சிறு வணிகர்களை ஓரங்கட்டியது. இருப்புப் பாதை வந்தபின் பொதிமாட்டுக்கு வேலை இல்லாமற் போனது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மூங்கிலுக்கும் மேய்ச்சலுக்கும் தடை போட்டது. இடையில் 1876-78 பெரும்பஞ்சம் வந்து கால்நடைகளைக் கொண்டுபோனது. ஊர் ஊராகச் செல்வதே பிழைப்பாக இருந்தவர்கள், பிழைப்பை இழந்தபின்னும் ஊர் ஊராகச் சென்றபோது, அந்த நடமாட்டமே குற்றத்தின் சான்றாக எழுதப்பட்டது.

*

சட்டம் இயங்கிய முறை எளிமையானது. ஒரு குழுவைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அறிவிக்கப்பட்டவர்கள் பதிவேட்டில் பெயரும் கைரேகையும் கொடுக்க வேண்டும். குறித்த காலத்தில் நேரில் தோன்ற வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். அவர்களைக் குடியேற்றங்களில் அடைத்துவைக்கவும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் சட்டம் இடம் தந்தது. சென்னை மாகாணத்தில் எருகுலருக்கான குடியேற்றங்கள் சிலவற்றின் நிர்வாகம் இரட்சணிய சேனையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் பெயர் பெற்றது இன்றைய பாபட்லா மாவட்டத்திலுள்ள ஸ்டூவர்ட்புரம். அங்கு குடியேற்றப்பட்டவர்களின் உழைப்பு சீராலாவின் புகையிலை நிறுவனத்துக்குப் பயன்பட்டது. 'திருத்தம்' என்ற பெயரில் கிடைத்தது மலிவான கூலியாட்படை.

தமிழ்நாட்டில் இச்சட்டத்தின் மிகக் கொடிய நாள் 1920 ஏப்ரல் 3. ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து, பெண் ஒருவர் உள்ளிட்டுப் பலர் மாண்டார்கள்.

இங்கு உளவியல் மாணவர்கள் நின்று நோக்க வேண்டிய முரண் ஒன்று உள்ளது. காலனியக் கையேடுகள் குறவர், எருகுலர் மீது சுமத்திய குணங்கள் தந்திரம், கூசாத பொய், குற்றத்துக்கு நாணாமை ஆகியவை. கிளெக்லியின் பட்டியலோடு அவை ஏறத்தாழப் பொருந்துவனபோல் தோன்றும். ஆனால் அதே கையேடுகள், இம்மக்களின் பஞ்சாயத்துக் கட்டுப்பாட்டையும், சிறை சென்றவரின் குடும்பத்துக்குப் பங்கு ஒதுக்கும் வழக்கத்தையும், உறவினரைக் காட்டிக்கொடுக்காத உறுதியையும் பக்கம் பக்கமாகப் பதிந்துவைத்தன. சைக்கோபதி என்பதன் மையமே எவரிடமும் பற்றின்மை. தன் குழுவிடம் இவ்வளவு பிணைப்புக் கொண்ட மனிதர்களை அந்த வரையறைக்குள் கொண்டுவரவே முடியாது. காவலரிடம் பொய் சொல்வது, ஒடுக்கப்பட்டவர் தம் வீட்டாரைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம் என்பதைக் கையேட்டை எழுதியவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. கண்முன் இருந்த சான்று கருத்தை மறுத்தது, கருத்து மாறவில்லை.

பதிவேட்டில் இன்னொரு குறையும் இருந்தது. கையொப்பம் ஒன்றால் ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தை நிறுத்தக்கூடிய அதிகாரிக்கும், பிள்ளையைப் பிரித்து வைக்க ஆணையிட்டவருக்கும், அடைபட்டவர் உழைப்பில் ஆதாயம் கண்டவருக்கும் அதில் இடமில்லை. அவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல வரலாற்றாசிரியருக்கு உரிமை கிடையாது. பலர் கடமை என்று நம்பியே செய்திருப்பார்கள். ஆயினும், இரக்கமின்மையை அளக்க ஓர் அரசு எடுத்த அளவுகோல் ஒரு பக்கம் மட்டுமே நீட்டப்பட்டது என்பது தெளிவு.

*

இந்தப் பின்னணியில்தான் அனந்தசயனம் அய்யங்காரின் குழு கவனத்துக்குரியதாகிறது. 1934இல் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சிறை சென்றவர். 1952இல் திருப்பதித் தொகுதியிலிருந்தும் 1957இல் சித்தூர்த் தொகுதியிலிருந்தும் மக்களவைக்குச் சென்று, 1956 முதல் 1962 வரை அவைத்தலைவராக இருந்தவர் என்பதே பலரும் அறிந்தது. ஆயினும் அவருடைய பெயர் இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வைத் தொட்டது இக்குழுவின் வழியேதான். சென்னை மாகாணம் 1947இலேயே தன் எல்லைக்குள் சட்டத்தை நீக்கியிருந்தது. குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1952 ஆகஸ்ட் 31 அன்று அது நாடு முழுவதும் நீங்கியது.

குழுவின் பரிந்துரைக்கு இரண்டாம் பகுதி ஒன்றும் இருந்தது. சாதி, சமயம், பிறப்பு என்ற வேறுபாடின்றி, மீண்டும் மீண்டும் குற்றம் புரிந்த தனிமனிதர்களுக்கு மட்டும் பொருந்தும் சட்டம் ஒன்று வேண்டும் என்றது அது. பிறப்பிலிருந்து நடத்தைக்கு, குழுவிலிருந்து தனிமனிதருக்கு என்ற இந்த நகர்வு, கொள்கையளவில் பெரும் மாற்றம். நடைமுறையில் அது பாதியில் நின்றது. சென்னையில் 1948லும் ஆந்திரப் பிரதேசத்தில் 1962லும் வந்த வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் சொல்லளவில் எல்லாருக்கும் பொதுவானவை. காவல்துறையின் சந்தேகமோ பழைய பதிவேட்டிலிருந்த குடும்பங்களையே தேடிச் சென்றது. வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தை நீக்குமாறு இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு 2007இல் இந்தியாவை வலியுறுத்தியது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிநூல்களில் இருந்த சாதிவழி வேலைப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் மனப்பான்மை அவ்விதிகளில் தொடர்ந்ததையும் அத்தீர்ப்பு சுட்டியது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகளுக்குப் பிறகும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

*

எனில், இக்கூறுகளுக்கும் பிறப்புக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் சட்டம் எண்ணிய வகையில் அன்று. பிரிட்டனில் ஏழு வயது இரட்டையரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, இரக்கமற்ற, உணர்ச்சி குன்றிய இயல்பில் மரபணுவின் பங்கு கணிசமானது என்று கண்டது. இது தனிமனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய முடிவு. ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் இடையே அத்தகைய வேறுபாடு உண்டு என்று அதிலிருந்து பெற முடியாது. எல்லாச் சமூகங்களிலும், எல்லாத் தொழில்களிலும், சிறு விகிதத்தினரிடம் இக்கூறுகள் மிகுந்து காணப்படும். கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் பொதுமக்களில் அது சுமார் 1 விழுக்காடு என்று மதிப்பிட்டார். பிரிட்டனில் வீடுவீடாக நடத்தி 2009இல் வெளியிட்ட கணக்கெடுப்பு 0.6 விழுக்காடு என்றது.

ஹேரின் 20 கூறுகள் கொண்ட அளவீட்டைக் கையாளப் பயிற்சியும், நீண்ட நேர்காணலும், ஆவணச் சான்றும் தேவை. சரக்கு அதோடு தீரவில்லை: அந்த அளவீட்டில் குற்றப் பதிவும் ஒரு கூறாக இடம்பெறுவது சரியா என்று ஸ்கீம், குக் என்ற ஆய்வாளர்கள் 2010இல் வினா எழுப்பினர். இந்திய மாணவர்களுக்கு அந்த வினாவின் எடை கூடுதல். யாரைக் காவல்துறை அதிகம் தேடுகிறதோ அவருக்கே குற்றப் பதிவு அதிகம் சேரும். பதிவை ஆளுமையின் சான்றாகக் கொண்டால், பழைய ரேகைப் புத்தகம் புதிய மதிப்பெண் தாளாக மாறிவிடும்.

அன்றாட வாழ்வில் இரக்கமற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களால் மனைவியர், ஊழியர், ஆய்வு மாணவர், முதிய பெற்றோர் எனப் பலர் துன்புறுகிறார்கள். அத்துன்பத்துக்குப் பெயர் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். ஒருவர் என்ன செய்தார், யாருக்குச் செய்தார், எத்தனை முறை செய்தார், தட்டிக்கேட்டபோது எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பதில் தவறில்லை. அவர் யார் வீட்டில் பிறந்தவர் என்ற கேள்வி அதனுடன் சேரும்போதுதான் 1871 திரும்பி வருகிறது. திருச்சானூர்க்காரர் தலைமையிலான குழு 1950இல் பிறப்பைக் கேட்காதே, நடத்தையைக் கேள் என்றது. அப்பரிந்துரையின் முதற்பாதியை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. மறுபாதி இன்னும் காவல் நிலையங்களிலும் வகுப்பறைகளிலும் அன்றாடப் பேச்சிலும் நிறைவேறக் காத்திருக்கிறது.