மூடாத டிஸ்க்

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி மருத்துவம், பாதி டிவிடி வரலாறு. பொறுமையா படிங்க.

சில வருஷம் முன்னாடி ஓபிக்கு ஒரு பெரியவர் வந்தார். மூளையைச் சுத்தி இருக்கிற உறையில் சின்னதா ஒரு கட்டி, மெனிஞ்சியோமா. பெரும்பாலும் சாதுவான கட்டிதான். வளருதா இல்லையான்னு பார்த்துட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றியே பேசுவோம். புது எம்ஆர்ஐ கையில் இருக்கு. போன வருஷம் எடுத்தது ஒரு டிவிடியில். மகன் மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டேன். 'காலி டிஸ்க்' என்றது கம்ப்யூட்டர்.

"திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துரலாமா சார்?" என்று கேட்டார் மகன். போன வருஷத்து மூளையை இந்த வருஷம் எப்படிங்க ஸ்கேன் எடுக்க முடியும்?

டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு நிறம் மாறி ஒரு வளையம். எழுதியிருக்கு, ஆனா படிக்க முடியல. ஏன்னு புரியணும்னா 1990களுக்குப் போகணும்.

கடையில் வாங்கும் சினிமா டிஸ்க்கை லேசர் வெச்சு எழுதறதில்லை, அச்சில் வார்க்கிறாங்க. ஆரம்பத்தில் 'லீட் இன்' (புத்தகத்தோட பொருளடக்கம்னு வெச்சுக்கோங்க), நடுவில் படம், கடைசியில் 'லீட் அவுட்'. எங்கேயும் ஒட்டு கிடையாது. 1996 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் டிவிடி பிளேயர்கள் இந்த மாதிரி டிஸ்க்கை மனசில் வெச்சு செஞ்சவை. நாம வீட்டில் எழுதப்போறோம்னு அதுங்களுக்குத் தெரியாது!

எழுதும் சிடியில் அப்போதே இந்தச் சிக்கல் இருந்தது. 'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் லேசர் அணைந்து திரும்ப எரியும். அந்த இடத்தில் ஒட்டுப்போட்ட மாதிரி சில பிளாக்குகள் விழும், பாட்டுக்கு நடுவில் 2 விநாடி இடைவெளியும் வரும். அச்சு ஆலைகளுக்கு இந்த ஒட்டு பிழையாகத் தெரியும். அதனால மாஸ்டர் சிடின்னா 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் கொண்டு வாங்கன்னு கேட்பாங்க. அதாவது முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் எழுதறது.

1997இல் பயனியர் நிறுவனம் டிவிடி மைனஸ் ஆர் எழுதும் கருவியைக் கொண்டு வந்தது. கொள்ளளவு 3.95 ஜிபி. விலை சுமார் 17,000 டாலர், ஸ்டூடியோக்காரங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படி ஆகும். 2001இல்தான் 4.7 ஜிபி எழுதும் டிரைவ் ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்தது. இதிலும் ரெண்டு வழி: ஒரே மூச்சில் எழுதறது, இல்லைன்னா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து எழுதறது. ரெண்டாவதில் ஒவ்வொரு ஒட்டுக்கும் 32 கேபி வரை வீணாகும். அது பரவாயில்லை. டிஸ்க்கை மூடும் வரைக்கும் லீட் இன் எழுதப்படாதுங்கிறதுதான் பெரிய விஷயம். பொருளடக்கம் இல்லாத புத்தகத்தை சாதாரண பிளேயர் திறக்கவே திறக்காது.

ஒரே மூச்சு முறைக்கும் ஒரு விலை இருந்தது. கம்ப்யூட்டர் நடுவில் திணறினா டிஸ்க் குப்பைதான். 2000இல் சான்யோவின் 'பர்ன் ப்ரூஃப்' வந்த பிறகு, முதலில் சிடிக்கும் அப்புறம் டிவிடிக்கும், இந்த பயம் குறைஞ்சது.

இதுக்கு நடுவில் ஒரு பங்காளிச் சண்டை. பிலிப்ஸ், சோனி கூட்டணி 2002இல் டிவிடி ப்ளஸ் ஆர் கொண்டு வந்தது. விட்ட இடத்திலிருந்து ஒட்டே தெரியாம தொடர்வது இதோட சாமர்த்தியம். ஆனா லீட் இன்னில் 'நான் எந்த வகை டிஸ்க்' என்று சொல்லும் ஒரு சின்னக் குறி உண்டு. ப்ளஸ் என்று எழுதியிருந்தா பழைய பிளேயர்கள் திருதிருன்னு முழிக்கும். அதனால அந்தக் குறியை 'நான் அச்சடிச்ச டிஸ்க்' என்று மாத்தி எழுத சில டிரைவ்களில் வசதி செஞ்சாங்க. பொய் சொல்லி உள்ளே நுழையற வித்தை, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. மைனஸில் இந்தக் குறி முன்கூட்டியே பதிஞ்சிருக்கும், மாத்த முடியாது.

திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் கதை வேற. அச்சு டிஸ்க் 45 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும். இது 18 முதல் 30 தான். ரெட்டை அடுக்கு டிஸ்க்கோன்னு பிளேயர் குழம்பிடும். கல்யாண வீடியோவை இதில் போட்டுத் தராதீங்க.

வீட்டில் பழைய வீடியோவை டிவிடியில் எழுதப்போறீங்களா? மைனஸ் ஆர், டிஸ்க் அட் ஒன்ஸ், ஒரே செஷன். ப்ளஸ் ஆர் என்றால் டிரைவில் வசதி இருந்தா குறியை மாத்திட்டு, கடைசியில் மூடிடுங்க. 'பிறகு சேர்க்கலாம்' என்ற டிக்கை எடுத்துடுங்க. நம்ம கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கிற டிஸ்க்னா எப்படி வேணும்னாலும் எழுதிக்கோங்க. ஸ்கேன் சென்டரில் டிஸ்க் வாங்கினா, அங்கேயே வேற ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

பெரியவர் டிஸ்க்குக்கு வருவோம். மூடாத டிஸ்க்கை சாதாரண டிரைவ் படிக்காது, ஆனா எழுதும் டிரைவ் பெரும்பாலும் படிச்சிடும். என் அறை கம்ப்யூட்டரில் இருந்தது படிக்க மட்டும் தெரிஞ்ச டிரைவ். பில் போடும் இடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ரைட்டர் இருந்தது. அந்தத் தம்பியை ஐந்து நிமிஷம் எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன், பின்னால் வரிசை முணுமுணுத்தது. டிரைவ் கொஞ்ச நேரம் உறுமிச்சு. ஃபோல்டர் திறந்தது.

முதல் வேலையா எல்லாத்தையும் காப்பி எடுத்து, புது டிஸ்க்கில் ஒரே மூச்சில் எழுதி மூடினேன். அப்புறம் ரெண்டு ஸ்கேனையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சு அளந்தோம். போன வருஷம் 14 மில்லிமீட்டர். இந்த வருஷமும் 14.

"கத்தி வேண்டாம் ஐயா, அடுத்த வருஷம் வாங்க" என்றேன். அவர் மகனைப் பார்த்து, "அந்த வட்டத்தைப் பத்திரமா வை" என்றார்.