இலையில் ஊறும் இனிப்பு: முலாம்பழ இனமேம்பாட்டில் நோயெதிர்ப்பின் இடம்

முலாம்பழ இனமேம்பாட்டில் விளைச்சலையும் தரத்தையும் தராசின் இரு தட்டுகளாகவே கருதுவது வழக்கம். கொடியில் காய் கூடினால் இனிப்புக் குறைகிறது. சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவும் அதையே சொல்கிறது. இம்முரண் உண்மைதான். ஆனால், இலைப்பரப்பு மாறாதிருக்கும்போதே அது முழுமையாகப் பொருந்தும். இலையை அறுவடைவரை பசுமையாகக் காக்கும் நோயெதிர்ப்பே இரண்டையும் ஒருசேர உயர்த்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான காரணம் பழத்தின் உடலியலில் உள்ளது. வாழைக்காய் பறித்தபின்னும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி இனிக்கும். முலாம்பழத்தில் அத்தகைய இருப்பு இல்லை. இலையிலிருந்து ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் புளோயம் என்னும் உணவுக்குழாய்கள் வழியே காயை அடைந்து, அங்கே சுக்ரோஸாக மாறுகின்றன. காய் பருக்கும் நாட்களில் அமில இன்வர்டேஸ் நொதி அந்தச் சுக்ரோஸைச் சிதைத்தபடி இருக்கும். அதன் வேகம் தணிந்து, காய் பழுக்கும் தறுவாயில்தான் சுக்ரோஸ் தேங்குகிறது. அந்த நாட்களில் இலைமேல் வெண்பொடியாகச் சாம்பல் நோய் படர்ந்தால், பருத்த காயும் சப்பென்றே இருக்கும். பறித்து வைத்தால் மணம் வரும், சதை இளகும். இனிப்பு மட்டும் ஏறாது.

வரலாறும் இதற்குச் சான்று. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1925இல் சாம்பல் நோய் முலாம் பயிரைத் தாக்கியது. இந்தியாவிலிருந்து பெற்ற முலாம் விதைகளில் எதிர்ப்பாற்றல் கிடைத்தது. அதைச் சந்தை ரகங்களில் சேர்த்து உருவாக்கிய பி.எம்.ஆர். 45 ரகம் 1936இல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில், 1938இல், அந்த எதிர்ப்பை மீறும் நோய்ப்பூஞ்சை இனம் தலைகாட்டியது. அடுத்து வந்த பி.எம்.ஆர். 6 ரகத்தைத் தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர்க் குட்டானா ரகத்துடன் கலந்து ‘பூசா சர்பதி’யை உருவாக்கியது. இங்கிருந்து போன வித்தின் வழிவந்தது, சுற்றி இங்கேயே திரும்பியது.

எதிர்வாதம் ஒன்று உண்டு: எதிர்ப்புள்ள நாட்டு முலாம்கள் பலவும் இனிப்பற்றவை. நம் வெள்ளரிப்பழத்தையே பாருங்கள். பழுத்ததும் தோல் வெடிக்கும். மாவாய் உதிரும் சதையை நாட்டுச் சர்க்கரை தூவித்தான் தின்ன வேண்டும். இதே வெடிமுலாம் வகையைச் சேர்ந்த பி.ஐ. 414723 என்ற இந்திய விதைச் சேகரிப்பில் சாம்பல் நோய், அசுவினி, சுக்கினி மஞ்சள் தேமல் வைரஸ் ஆகியவற்றுக்கு எதிர்ப்பு உள்ளது. அதைக் கலந்தால் சப்பும் வெடிப்பும் கூடவே வரும் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும், இனிப்பற்ற முலாமை இனிப்பு ரகத்துடன் கலந்த ஓர் ஆய்வில், மிகுசுக்ரோஸ் ஓர் ஒடுங்கு மரபணுவின் பண்பு எனத் தெரிந்தது. அப்படியானால் முதல் தலைமுறை இனிக்காது. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்று இனிக்கும். முதல் தலைமுறைச் சாற்றை மட்டும் சுவைத்துக் கலப்பை ஒதுக்குபவர் அவசரப்படுகிறார். எஞ்சும் குறைகளைக் களைவது, இனிப்பு ரகத்துடனே மீண்டும் மீண்டும் கலக்கும் தொடர் பிற்கலப்பின் வேலை.

எனவே, ரகச் சோதனைப் பதிவேட்டில் காய் எடை, பிரிக்ஸ் ஆகியவற்றோடு அறுவடை நாளில் எஞ்சிய பச்சை இலைப்பரப்புக்கும் ஒரு பத்தி வேண்டும். 1938இன் பாடத்தால் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பவும் கூடாது. எதிர்ப்புகளை அடுக்க வேண்டும். அவற்றைத் தேடிச் செல்லும் இடங்களுள் ஒன்று, சர்க்கரை தூவாமல் வாயில் வைக்க முடியாத அந்த வெள்ளரிப்பழ வயல்.