வேப்பிலையும் தடுப்பூசியும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், பொறியாளர் ஆயிற்றே, ஏதாவது பாலம், எந்திரம் பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத நினைத்தது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துத் தாய்மார்களைப் பற்றி. தட்டம்மை ஊசி என்றால் அவர்கள் ஏன் ஒரு நிமிடம் தயங்குகிறார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

தட்டம்மையை நம் வீடுகளில் மணல்வாரி என்பார்கள். காய்ச்சல் என்று சொல்லவே மாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்பதுதான் வழக்கு. வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு திருவேற்காடு கருமாரியம்மனுக்கு ஒரு நடை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த வேப்பிலைக்கொத்து ஒரு அறிவிப்புப் பலகை. "உள்ளே நோயாளி, விலகிப் போ" என்று சொல்கிறது. ஆனால் மணல்வாரியிடம் இந்த ஏற்பாடு பலிக்காது. உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவ ஆரம்பித்துவிடும். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு பிள்ளை 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கும். நாம் வேப்பிலை கட்டும்போது அது அடுத்த தெருவுக்கே போயிருக்கும். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் பின்னாலேயே வரும். சில குழந்தைகளுக்குப் பார்வையும் போகும். நூற்றுக்கு 95 பேருக்காவது ஊசி போட்டிருந்தால்தான் சங்கிலி அறும்.

அந்த ஊசி உலகத்துக்கு 1963-ல் கிடைத்தது. நம் நாட்டில் 1985-ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஊசி நாள். கிராம சுகாதாரச் செவிலியர் ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பால்வாடிக்கே வந்துவிடுவார்.

2008 ஏப்ரல் 23-ம் ஒரு புதன்கிழமைதான். அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோனார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. செய்தி எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்திரம் தெரிந்தவனுக்கு ஒன்று புரியும். பழுது பெரும்பாலும் பொருளில் இருக்காது, கையாளும் முறையில் இருக்கும். இந்த மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. அதற்கென்று வரும் திரவத்தில் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான் ஆயுள். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் கிடையாது. 2014-ல் சிரியாவில் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாகத் தசைகளைத் தளர்த்தும் மயக்க மருந்து கலந்துவிட்டது. 15 குழந்தைகள் இறந்தார்கள். 2017-ல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நான்கு நாள், அதுவும் குளிர்ப்பெட்டி இல்லாமல், பயன்படுத்தினார்கள். அங்கும் 15 பேர். நம் மாவட்டத்தில் நடந்ததும் இதுதான் என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் ஆபத்து நுழையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2008-ல் அரசு என்ன செய்தது? கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த ஊசியை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னது. எச்சரிக்கை என்ற அளவில் நியாயம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து, கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க வேண்டும். பயம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-ல் சுமார் 81 சதவீதம். 2015-16-ல் சுமார் 70. இந்த ஒரு சம்பவமே காரணம் என்று நான் வாதாடமாட்டேன், ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்றும் நம்பவில்லை.

பிறகு 2017 பிப்ரவரி. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி என்று இயக்கம் வந்தது. கூடவே வாட்ஸ்அப்பும் வந்தது. ஆட்டிசம் வரும், பிள்ளைப்பேறு இருக்காது என்றெல்லாம் செய்திகள். இதில் ஆட்டிசக் கதையின் மூலம், 1998-ல் ஓர் ஆங்கில மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று அரசு எச்சரித்தது. பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கும் நீண்டது.

படித்தவர்கள் நாம் அப்போது சிரித்தோம். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 2008 ஏப்ரலில் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தது, 2017-ல் நான்காம் வகுப்பில் இருக்கும். பள்ளிக்கூடம் அனுப்பிய சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவள் அதே தாய்தான். அவளுக்கு வாட்ஸ்அப் புதிதாக எதையும் சொல்லவில்லை; ஏற்கெனவே தெரிந்ததை ஞாபகப்படுத்தியது. "வதந்தியை நம்பாதீங்கம்மா" என்று மேடையிலிருந்து சொன்னால் அவளுக்கு என்ன பதில் கிடைத்தது? "அன்னைக்கு அப்படி ஆச்சு, இன்னைக்கு என்ன மாத்தியிருக்கீங்க?" என்பதுதானே அவள் கேள்வி.

அதற்குப் பதில் இருக்கிறது. ஒருமுறை குத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச், மருந்துக் குப்பி மேல் கரைத்த நேரத்தை எழுதுவது, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைப்பது. பூந்தமல்லியில் பொது சுகாதாரத்துறையின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2019-21 கணக்கெடுப்பில் அந்த 70, கிட்டத்தட்ட 90 ஆகிவிட்டது. அடுத்த புதன்கிழமை அண்ணன், அக்கா குழந்தையோடு துணைக்குப் போகும் தம்பி தங்கைகள், குப்பியில் எழுதிய நேரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ளமாட்டார்.